மறு: பார்வையாளர் பின்னூட்டத்துக்கான சொல் – ‘பழகுரை’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் வெளிவரும் நுகர்வோர் தொழில்நுட்ப மதிப்பாய்வு நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர்கள் எழுதுவதை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற இந்த மடல் இழையில் ‘பின்னூட்டம்’, ‘கருத்துரை’, ‘மறுமொழி’, ‘எதிர்வினை’, ‘பாவனையாளர் கருத்து’ ஆகியன இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எது செவிக்கு இனியது, எது இலக்கணத்துக்கு ஏற்றது என்பது பற்றியே மடல்கள் நீண்டனவே தவிர, இவை ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்ற கேள்வி எழவில்லை. பார்வையாளர் எழுதுவது ஒன்று. அவர் எழுதியது நிகழ்ச்சிக்குள் திரும்பிச் சென்று அடுத்த மதிப்பாய்வை மாற்றுவது வேறொன்று. இரண்டாவதற்கே ‘பின்னூட்டம்’ உரியது என்பது என் கருத்து. முதலாவதற்குள்ளும் இன்னும் பெயர் பெறாத ஒரு வகை இருக்கிறது: ஒரு பொருளோடு நெடுநாள் பழகியவர் விவரத்துடன் எழுதுவது. அதற்கு ‘பழகுரை’ என்று பெயரிடலாம் என முன்மொழிகிறேன்.

வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் பதிவின் அடியில் எழுதப்படும் எல்லாவற்றுக்கும் ‘பின்னூட்டம்’ பெயராகிவிட்டது. எனினும் இலங்கையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் கற்றவர்கள் இச்சொல்லை விரியலாக்கி (குறிகையைப் பெருக்கும் ‘அம்ப்ளிஃபயர்’) பற்றிய பாடத்திலேயே ‘பின்னூட்டல்’ என்ற வடிவில் சந்தித்திருப்பார்கள். தொலைபேசித் தடங்களில் பயன்பட்ட விரியலாக்கிகளின் திரிபைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் ஹரால்ட் பிளாக், வெளியீட்டின் ஒரு பகுதியைக் குறிமாற்றி உள்ளீட்டுக்கே திருப்பி ஊட்டினால், பெருக்கத்தில் ஒரு பங்கை இழந்தாலும் திரிபு வெகுவாகக் குறையும் என்று 1927இல் கண்டார். அதுவே மறைப் பின்னூட்டல் (‘நெகட்டிவ் ஃபீட்பேக்’). சொல்லுக்குள் இருக்கும் ‘ஊட்டு’ என்ற வினையை நாம் மறந்துவிடக் கூடாது. ஊட்டியது உள்ளே போக வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர் வாசிக்காமலே விட்ட ஒரு வரி எவ்வளவு கூர்மையாக எழுதப்பட்டிருந்தாலும் அது எதையும் ஊட்டவில்லை. அது கருத்துரையாகவே நின்றுவிட்டது.

வெளியீட்டைக் குறிமாற்றாமல் அப்படியே திருப்பி ஊட்டும் நேர்ப் பின்னூட்டலுக்கும் இங்கே இடமுண்டு. தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் எழும் ஊளைச் சத்தத்தை அறியாதவர் இலங்கையின் மலையகத்தில் இல்லை. தன் ஓசையையே மீண்டும் மீண்டும் விழுங்கிப் பெருக்கும் கருவி அப்படித்தான் கத்தும். பாராட்டுக் கருத்துரைகளை மட்டும் மேலே நிறுத்தி, அவற்றுக்கு மட்டும் பதில் எழுதி, அவை விரும்பும் வகைக் காணொளியையே திரும்பத் திரும்ப எடுக்கும் நிகழ்ச்சிகளிலும் நடப்பது இதுதான். மறைப் பின்னூட்டல் என்றவுடன் வசை என்று பொருள்கொள்ளும் வழக்கத்தையும் இவ்விடத்தில் மறுக்க விரும்புகிறேன். அது திருத்தும் பின்னூட்டல். வசைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எண்களையும் பின்னூட்டம் என்று கொள்ளலாமே என்று திருச்சி உறுப்பினர் எழுதியிருந்தார். யூடியூப் தளம் தொடக்கத்தில் ஐந்து நட்சத்திர முறையை வைத்திருந்தது. வாக்களிப்போரில் மிகப் பெரும்பாலானோர் ஐந்து நட்சத்திரமே இடுகிறார்கள் என்பதை 2009இல் அந்நிறுவனமே வெளியிட்டது. 2010இல் அம்முறையைக் கைவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரு பொத்தான்களை வைத்தது. 2021 நவம்பரில் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கியது. காணொளியை ஏற்றியவர் மட்டும் அதைக் காணலாம். ஆனால் அவருக்கு அது எதைச் சொல்கிறது? ஆயிரம் பேருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். கைபேசியின் கமரா பற்றிச் சொன்ன முடிவு பிடிக்கவில்லையா, சொன்னவரின் சட்டை பிடிக்கவில்லையா என்று தெரியாது. எண்ணிக்கையை எண்ணிக்கை என்றே அழைப்போம்.

பிழையைச் சுட்டும் கருத்துரைகள் தனிவகை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. மின்கலம் 5000 மில்லியம்பியர் மணி என்று நடத்துநர் சொல்லிவிட்டார், பெட்டியிலோ 4500 என்று அச்சிடப்பட்டிருக்கிறது என்றால், ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வேறொன்றால் மாற்றுவதற்கு யூடியூபில் வழியில்லை. படத்தின் மேலேயே குறிப்பை ஒட்டிவைக்க உதவிய வசதியும் 2019 ஜனவரியுடன் மறைந்துவிட்டது. ஆகவே திருத்தம் பெரும்பாலும் விவரணப் பகுதிக்கோ கருத்துரைகளின் உச்சிக்கோதான் வந்து சேர்கிறது. இதற்குப் ‘பிழைசுட்டல்’ போதும்.

இனி, பெயர் பெறாத வகைக்கு வருகிறேன். ஒரு கைபேசியை மதிப்பாய்வு செய்பவருக்கு அது சந்தைக்கு வருவதற்குச் சற்று முன்னரே, குறித்த நாள்வரை வெளியிடக் கூடாது என்ற உடன்பாட்டுடன் கிடைப்பது வழக்கம். ஓரிரு வாரங்கள் தம் ஊரில், தம் வீட்டு அருகலையில் (வைஃபை) வைத்துப் பார்த்து அவர் முடிவு சொல்கிறார். அதில் குறையேதும் இல்லை. அந்தக் கால அளவில் காணக்கூடியதை அவர் காண்கிறார். ஆனால் ஒரு வருடத்தில் மின்கலம் என்னவாகும் என்பதையும், மூன்றாவது மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் அது சூடாகுமா என்பதையும், வெயில் ஊரில் சோதித்த பொருள் குளிர் ஊரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அவரால் சொல்ல இயலாது. அவற்றைச் சொல்லக்கூடியவர் அப்பொருளோடு பழகிய பார்வையாளரே.

மலையகத்திலிருந்து எழுதுவதால் இவ்வகையின் தேவை எனக்குக் கூடுதலாகவே படுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவதுண்டு. இலிதியம் அயன் மின்கலம் குளிரில் அயன்களின் நகர்வு மந்தமாகி அகத்தடை கூடுவதால், திரையில் இருபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அணைந்துவிட இடமுண்டு. ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் அறிவுறுத்துகிறது. கொழும்பிலோ சென்னையிலோ இருந்து மதிப்பாய்பவர் அந்த வரம்பின் மேல் விளிம்பைப் பற்றியே கவலைப்படுவார். அதன் கீழ் விளிம்பு நுவரெலியாவின் அதிகாலையில் இருக்கிறது.

நீர் பற்றிய சோதனையும் அவ்வாறே. நீர் புகாமையைக் காட்ட ஐபி67, ஐபி68 என்று பெட்டியில் போடப்படுவது ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி. அதில் ஏழாம் நிலை ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் அமிழ்த்துவது. எட்டாம் நிலையின் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். இரண்டுமே நீருக்குள் மூழ்கிய கருவியைப் பற்றியன. நாள் முழுவதும் மூடுபனிக்குள் நிற்கும் ஒருவரின் சட்டைப் பையில் கிடந்து, மின்னேற்றும் துளையில் ஈரம் கோத்து, மாலையில் சார்ஜரைச் செருகினால் ‘ஈரம் உள்ளது’ என்று மறுக்கும் கைபேசியைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. தொடுதிரை விரலின் மின்கொள்ளளவு மாற்றத்தை உணர்ந்து இயங்குவது. விரலும் திரையும் நனைந்திருந்தால் தொட்ட இடம் எது என்று அது குழம்பும். கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) நிறுவைக்காக வரிசையில் நிற்கும்போது வந்த அழைப்பை எடுக்க, பச்சை வட்டத்தை எத்தனை முறை இழுத்தாலும் அது வழுக்கிக்கொண்டே போகும்.

சிக்னல் விடயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பாடத்துக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளில் ஏறியது செய்தியானது. கோபுரம் எட்டாத பள்ளத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) கைபேசி கோபுரத்தை ஓயாமல் தேடி, கிடைத்த மெல்லிய சிக்னலைத் தக்கவைக்கத் தன் அலைபரப்பு வலுவையும் கூட்டுகிறது. மின்கலம் அதனாலேயே விரைவில் இறங்குகிறது. குறைந்த மீடிறன் (அதிர்வெண்) அலை மலை விளிம்பை ஓரளவு வளைந்து வருவதால், எந்தக் கைபேசி எந்த அலைப்பட்டைகளை ஏற்கும் என்ற விவரம் எங்களுக்குக் கமராவின் மெகாபிக்சலைவிட முக்கியமானது. பெரும்பாலான மதிப்பாய்வுகளில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

இப்போது இரு எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். “அருமையான காணொளி, ஆனால் பற்றரி மோசம்” என்பது கருத்துரை. “இதன் எட்டு ஜிபி வகையை ஒரு வருடமாகத் தலவாக்கலையில் பாவிக்கிறேன். வீட்டில் ஒரு கோட்டு சிக்னல்தான் வரும். காலையில் நிறைத்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் பாதி. ஹட்டன் டவுனுக்குப் போகும் நாளில் மாலைவரை நிற்கிறது” என்பது வேறு. பொருளின் வகை, பழகிய காலம், இடம், நிலைமை, கண்டது ஆகிய யாவும் அதில் உள்ளன. வகையைக் குறிப்பிடுவது நம் நாட்டில் மிக அவசியம். ஒரே பெயரில் வெவ்வேறு சந்தைகளுக்கு வெவ்வேறு சிப்புடன் வெளிவரும் கைபேசிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததும் உள்ளூர்க் கடையில் வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இத்தகைய குறிப்பை ஒரு நடத்துநர் எடுத்துக்கொண்டு, அடுத்த மதிப்பாய்வில் சிக்னல் குறைந்த இடத்திலும் மின்கலத்தை அளந்து காட்டினால், அப்போது அது பின்னூட்டமாகிறது.

இதற்குப் ‘பாவனையாளர் கருத்து’ என்பது ஏன் போதாது என்று யாழ்ப்பாணத்து உறுப்பினர் கேட்கக்கூடும். நமக்குப் ‘பாவித்தல்’ பயன்படுத்தல்தான். ஆனால் தமிழகத்து வாசகருக்குப் பாவனை என்றால் நடிப்பு, பாசாங்கு. உண்மையாகப் பயன்படுத்தியவரின் சொல்லுக்குப் பாசாங்கு என்ற சாயல் படிவது விபரீதம். ‘அனுபவக் குறிப்பு’ என்ற மாற்று நல்லதே, ஆயினும் கடையில் பத்து நிமிடம் கையில் வைத்திருந்ததும் அனுபவம் என்றே விளம்பரங்கள் பேசுகின்றன. ‘பழகு’ என்ற வினையில் காலம் உள்ளடங்கியிருக்கிறது. பழகாமல் பழகிவிட்டேன் என்று எவரும் சொல்வதில்லை. “போன் கைக்குப் பழகிவிட்டது” என்பது ஏற்கெனவே நம் வாயில் உள்ள பேச்சு. பழகு + உரை என்பது வினைத்தொகையாக நின்று, பழகிய உரை, பழகுகின்ற உரை, பழகும் உரை என முக்காலத்துக்கும் இடம் தரும்.

எதிர்வாதம் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் ‘பழகுநர் உரிமம்’ என்பது வாகனம் ஓட்டக் கற்பவருக்குரியது. ஆகவே ‘பழகுரை’ கற்றுக்குட்டியின் பேச்சு என்று தொனிக்கலாம். தொனிக்கும்தான், ஆனால் இடம் பார்த்தே பொருள் கொள்கிறோம். ‘பழகுதமிழ்’ என்பதைக் கற்றுக்குட்டித் தமிழ் என்று எவரும் கொள்ளவில்லை.

‘ஃபீட்பேக்’ என்றே விட்டுவிடலாம், மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்ற மடலுக்கு என் பதில் இது. கடன்சொல்லுக்கு நான் எதிரியல்லன். தோட்டத்தில் ‘பெரட்டுக்களம்’ (வேலைக்குப் பெயர் பதியத் தொழிலாளர் காலையில் கூடும் இடம்; ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது) நூறாண்டுக்கு மேலாக நன்றாகவே வாழ்கிறது. அதைத் தமிழாக்க வேண்டிய தேவையும் இல்லை. அச்சொல் ஒரு பொருளைத்தான் குறிக்கிறது. ஃபீட்பேக் என்பதோ பாராட்டையும் வசையையும் பிழைசுட்டலையும் ஒரு வருடப் பழக்கத்தையும் ஒரே கூடையில் போடுகிறது. கூடை நிறைந்திருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நடத்துநருக்கு நேரமில்லை.

நற்சான்றிலிருந்தும் இதைப் பிரித்து வைக்க வேண்டும். நற்சான்று விற்பவருக்காக எழுதப்படுவது. பொய் மதிப்புரைகளையும் பொய் நற்சான்றுகளையும் தடை செய்யும் விதியை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024இல் கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவு புனைந்தவையும் அதில் அடங்கும். பழகுரைக்கு நான் கேட்கும் வகை, காலம், இடம் என்ற விவரங்கள் பொய்யை முற்றாகத் தடுக்க மாட்டா. ஆயினும் லயத்தின் சிக்னலையும் மாதக் கணக்கையும் சேர்த்துப் புனைபவருக்கு, “சூப்பர், வாங்கலாம்” என்று எழுதுபவரைவிட அகப்பட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

எனவே என் முன்மொழிவு: அடியில் எழுதப்படும் அனைத்துக்கும் பொதுப்பெயர் ‘கருத்துரை’. தவறைக் காட்டுவது ‘பிழைசுட்டல்’. பழகியவர் விவரத்துடன் எழுதுவது ‘பழகுரை’. இவை நிகழ்ச்சியை மாற்றும்போது அச்செயல் ‘பின்னூட்டம்’. ‘எதிர்வினை’யை முகக்குறிகளுக்கு விட்டுவிடலாம். ‘மறுமொழி’, ஒரு கருத்துரைக்கு நடத்துநரோ மற்றொருவரோ தரும் பதிலுக்கு மட்டும் நிற்கட்டும்.

‘பழகுரை’யை வினையாக்கிப் ‘பழகுரைத்தல்’ என்று எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. ‘பழகுரை எழுதினார்’, ‘பழகுரை தந்தார்’ என்பனவே போதும். மட்டக்களப்பு, தமிழக, மலேசிய உறுப்பினர்கள் தங்கள் பேச்சுவழக்கில் ‘பழகு’ பொருட்களோடும் சேர்ந்து வருகிறதா, ஆட்களோடு மட்டும்தானா என்பதை எழுதினால் உதவியாக இருக்கும். கருத்துரையை உச்சியில் நிறுத்திவைக்கும் வசதிக்குரிய சொல்லைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். ‘குத்திவைத்தல்’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஓர் உறுப்பினர்