பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற: டெக்கைச் சரிசெய்வதா, யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் வாங்குவதா?

கேட்டவர்: மழலைநாடா

ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள். பாதி கடையில் வாங்கியவை, மீதி வீட்டில் பதிந்தவை: பேச்சு, குழந்தைகள் பாடியது, ரேடியோவில் பிடித்தது. பழைய டெக் ஒன்று இருக்கிறது. ப்ளே அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. இதைச் சரிசெய்வது மேலா, கைக்கு அடக்கமான யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் போதுமா? வேறொரு ப்ளேயரில் போட்டுப் பார்த்தபோது சில கேசட்டுகள் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல மங்கலாகக் கேட்டன. அது கேசட்டின் கோளாறா? எந்த வடிவத்தில் சேமிப்பது?

பெல்ட்வாத்தியார்

கன்வெர்ட்டர் வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரியான மலிவு மெக்கானிசம்தான் இருக்கும். வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரமான ஃப்ளைவீல் எடை குறைவு, அதனால் நீண்ட சுரங்கள் நடுங்கும். சிலவற்றில் ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் சர்க்யூட்டும் உண்டு. பாட்டின் மெல்லிய இடம் வந்தால் இரைச்சலைத் தூக்கிவிடும். இதைப் பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

மோட்டார் ஓடி சக்கரம் சுற்றவில்லை என்றால் பத்தில் எட்டு முறை பெல்ட்தான். மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று தொளதொளவென்று தொங்கும், இல்லையென்றால் தார் போல உருகி புல்லியில் ஒட்டியிருக்கும். உருகியிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் கடைசிச் சொட்டு வரை துடைத்தெடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புது பெல்ட் அந்த இடத்தில் துள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறுப்பு துணியில் பட்டால் போகாது.

அளவு எடுக்க, பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதைவிடச் சுமார் 5% குறைந்த சுற்றளவுள்ள பெல்ட் வாங்குங்கள். நாடாவை இழுக்கும் மெல்லிய தண்டான கேப்ஸ்டனை ஓட்டுவது பெரும்பாலும் தட்டையான பெல்ட். நாடா ஓடியதை எண்ணிக் காட்டும் கவுன்ட்டருக்குச் சின்ன சதுர பெல்ட் தனியாக இருக்கலாம். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டார் பேரிங் தேயும், தளர்வாகப் போட்டால் பாட்டு அலையும்.

பெல்ட் மாற்றியும், நாடாவைச் சுற்றி வாங்கும் டேக்-அப் சக்கரம் வலுவில்லாமல் சுற்றினால் அதைச் சுழற்றும் ஐட்லர் ரப்பர் வழுக்குகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால்தான் டெக் நாடாவைத் தின்னும்: கேப்ஸ்டனும், அதோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் சுற்றி வாங்க ஆள் இருக்காது. ஆகவே முதல் சோதனை, போனாலும் கவலையில்லாத ஒரு கேசட்டில்.

அசிமத்

பெல்ட் விஷயம் சொல்லியாகிவிட்டது. மங்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஹெட் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி), கேப்ஸ்டன், பின்ச் ரோலர் மூன்றையும் ஆல்கஹாலில் துடையுங்கள். பழுப்பாக வருவது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.

பிறகும் மங்கலாக இருந்தால் அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டில் உள்ள மெல்லிய இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் நீளம் 5 மைக்ரானுக்கும் குறைவு. ஹெட் இம்மி சாய்ந்தாலே மேல் ஸ்தாயி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். பதிந்த இயந்திரத்தின் சாய்வு ஒன்று, உங்கள் டெக்கின் சாய்வு ஒன்று. அதனால்தான் ஒரு கேசட் நன்றாகவும் இன்னொன்று மங்கலாகவும் கேட்கிறது. கேசட் மேல் பழி இல்லை.

ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்ப்ரிங் வைத்த திருகு இருக்கும், பெரும்பாலும் பெயின்ட் தொட்டு வைத்திருப்பார்கள். அதுதான் அசிமத் திருகு. ஸ்ப்ரிங் இல்லாத மற்றதைத் தொடாதீர்கள். தொடுவதற்கு முன் அது நிற்கும் நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காந்தம் ஏறாத திருப்புளி எடுங்கள். கேசட் ஓடும்போது, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள் ஓரிடத்தில் "ஸ்", "ச்" ஒலிகள் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்பது ஏன் என்றால், சாய்வு இருந்தால் இடது சேனலும் வலதும் ஒரு துளி முன்பின்னாக வரும். சேர்த்தவுடன் மேல் ஸ்தாயி கண்கூடாகக் குறையும்.

வீட்டில் பதிந்தவற்றுக்கு ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் ஈக்வலைசரை ஏற்றி இதைச் சமாளிக்க முடியாது. இல்லாத ஒலி வராது, இரைச்சல்தான் ஏறும்.

கேட்டவர்: மழலைநாடா

பெல்ட் உருகித்தான் இருக்கிறது, ஆர்டர் போட்டாகிவிட்டது. டெக்கிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்குக் கொடுக்கலாமா? நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் போட வேண்டுமா?

சமிக்ஞை

மைக் துளை கூடாதுங்க. பெரும்பாலும் அது மோனோ, உள்ளே ஆம்ப்ளிஃபையர் வேறு. லைன் இன்புட் உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, டெக்கின் லைன் அவுட்டிலிருந்து எடுங்க. விண்டோஸ் ஒலி அமைப்பில் "என்ஹான்ஸ்மென்ட்" என்று எது இருந்தாலும் அணைச்சுடுங்க. கணினி தூங்கப் போகாதபடி வையுங்க, நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும் நிறுத்துங்க. 45 நிமிடப் பக்கம் 44-வது நிமிடத்தில் "டிங்" என்றால் அழுகைதான் வரும். உர்ர்ர் என்று ஹம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க.

பதிய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், அதில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கேசட்டுக்கு 16 பிட்டே தாராளம், ஆனா 24 வைத்தால் லெவலைப் பயமில்லாமல் தாழ்த்தி வைக்கலாம்: உச்சம் மைனஸ் 6 டெசிபல் தொட்டால் போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி ஆகும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் அதில் கணிசமாகக் குறையும். எம்பி3 என்பது ஃபோனில் கேட்க எடுக்கும் பிரதி மட்டும். ஒரு பக்கம் முழுக்க ஒரே கோப்பாகப் பதிந்து, பிறகு கன்ட்ரோல்-பி அழுத்தி லேபிள் வைத்துப் பாட்டுப் பாட்டாகப் பிரியுங்க.

டால்பி: உறையில் இரட்டை டி சின்னம் இருந்தால் மட்டும் போடுங்க. சாதாரண டேப் ரெக்கார்டரில் வீட்டில் பதிந்ததற்கு வேண்டவே வேண்டாம்.

அசிமத்

சமிக்ஞை சொன்னதோடு ஒரு திருத்தம். டால்பி-பி பதியும்போது மெல்லிய மேல் ஸ்தாயியை 10 டெசிபல் வரை தூக்கும், ஒலிக்கும்போது அதே அளவு இறக்கும். நாடா வயதாகி மேல் ஸ்தாயி தேய்ந்திருந்தால் டெக் தேவைக்கு மேல் இறக்கிவிடும். சின்னம் இருந்தாலும் அசிமத் சரிசெய்த பிறகு இரண்டு விதமாகவும் ஒரு நிமிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டால்பி இல்லாமல் பதிந்து வைப்பதுதான் பாதுகாப்பு.

இரைச்சல் நீக்கமும் அப்படியே. பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்று நாடாவில் 2 நொடி மாதிரி எடுத்து, 6 டெசிபலோடு நிறுத்துங்கள். 12-ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

பெல்ட்வாத்தியார்

சுருதி ஏறிக் கேட்டால்: அதே பாட்டின் சி.டி. பதிப்பு 5 நிமிடம், உங்கள் கேசட்டில் 4 நிமிடம் 51 நொடி என்றால் 3% வேகம், அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஏறக்குறைய பாதி. எல்லா கேசட்டிலும் ஒரே அளவு என்றால் மோட்டாரின் பின்னால் உள்ள துளைக்குள் வேகத்தை மாற்றும் சின்னத் திருகு (டிரிம்மர்) இருக்கும், கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு திருப்புங்கள். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் பதிந்த இயந்திரத்தின் குறை. ஆடாசிட்டியில் "சேஞ்ச் ஸ்பீட்" போதும். "டெம்போ" அல்ல, அது சுருதியை மாற்றாது.

ப்ளே செய்யுமுன் ஒவ்வொரு கேசட்டிலும் நாடாவுக்குப் பின்னால் உள்ள சின்ன ஸ்பாஞ்சைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் ஒட்டாது. அதுவும் மங்கலாகத்தான் கேட்கும், அசிமத் என்று ஏமாறுவீர்கள். ஐந்து திருகு வைத்த ஒரு பயனற்ற கேசட்டைத் திறந்து, இந்த நாடாவை அந்தக் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். அறுந்த நாடாவைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். 3.81 மி.மீ. அகல ஸ்ப்ளைசிங் டேப் தனியாகக் கிடைக்கிறது. முதுகுப் பக்கம் ஒட்ட வேண்டும், ஹெட்டைத் தொடும் பக்கம் அல்ல. நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள். டெக்கில் போட்டால் மற்றவற்றுக்கும் பரவும்.

சமிக்ஞை

வரிசை பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பதிந்தவற்றை முதலில் முடிங்க, அவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. கடையில் வாங்கியவை ஸ்ட்ரீமிங்கில் இருக்கே என்று தூக்கிப் போடவும் வேண்டாம். அங்கே கிடைப்பது பல நேரம் ரீமாஸ்டர் செய்து சத்தம் ஏற்றிய பதிப்பு, சில நேரம் மறுபதிவே கூட. உரிமம் முடிஞ்சா ஒரு நாள் காணாமலும் போகும். ஏற்றி முடித்ததும் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டைகளையும் உடைச்சிடுங்க. அப்புறம் தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் மேலே பதியாது.