பழைய லேசர் பிரிண்டரா, புதுசா?

மடிப்பாக்கம் டீச்சர்:
வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள் மாதம் ஐந்நூறு பக்கம் தாண்டும், கறுப்பு வெள்ளை போதும். இங்க்ஜெட் லீவில் சும்மா கிடந்து மை தெளிக்கும் ஹெட் அடைத்துவிட்டது. ரிச்சி தெருவில் பழைய எச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறதாம். நம்பி வாங்கலாமா?

சர்வீஸ்காரன்:
வாங்கலாம் மேடம், ஆனால் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பக்கம் முழுக்கக் கறுப்பாக ஒரு பிரிண்ட். ஒரே இடைவெளியில் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரம் (எழுத்தைத் தாளில் பதிக்கும் உருளை) தேய்மானம். அது இந்த மாடலுக்கான 12ஏ கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால் கார்ட்ரிட்ஜ் மாற்றினால் சரியாகிவிடும். விரலால் தேய்த்து எழுத்து உதிர்ந்தால், மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசர் கோளாறு, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு தாள் சேர்ந்து இழுத்தால் தாளைப் பிரித்து இழுக்கும் பேடும் ரோலரும் புதுசாகப் போட்டால் போதும், சின்னச் செலவுதான். ரீஃபில் எந்த ஏரியாவிலும் கிடைக்கும்.

பெரம்பூர் வாசி:
1020-ல் வைஃபை கிடையாது, இரண்டு பக்கமும் தானாக அடிக்காது. வினாத்தாளுக்கு அது பெரிய தொல்லை. பிரதர் எச்எல்-எல்2321டி மாதிரி டூப்ளெக்ஸ் (இரண்டு பக்கமும் தானாக அடிக்கும் வசதி) உள்ளது எடுத்தால் பேப்பர் செலவு பாதியாகும். அதில் டிரம்மும் டோனரும் (மைத்தூள்) தனித்தனி. புது மாடல் எதுவானாலும் சிப் (கார்ட்ரிட்ஜை பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சில்லு) இல்லாத கார்ட்ரிட்ஜை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

சர்வீஸ்காரன்:
டூப்ளெக்ஸ் விஷயம் சரிதான். அப்புறம், எதை வாங்கினாலும் வீட்டு யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், ஃபியூசர் சூடாகும்போது கரண்ட் நிறைய இழுக்கும். ஐப்பசி மழையில் பேப்பரைக் கட்டுப் பிரித்து வெளியே வைக்காதீர்கள், நமுத்துப்போய் ஜாம் ஆகும்.

மடிப்பாக்கம் டீச்சர்:
நன்றி. டூப்ளெக்ஸுக்காகப் புதுசே பார்க்கிறேன்.