சொன்ன பேச்சு கேட்ட பெண்களின் கதை: உங்களுக்கு எப்போது, எங்கே கிடைத்தது?

முத்தியால்பேட்டைக்காரி:

சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் மாதிரிப் பழைய கதைகளைப் பெண் பக்கம் நின்று மாற்றி எழுதுகிற டீனேஜ் ஃபேன்டஸி புத்தகங்களைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல் தடவை எப்படி மாட்டினீர்கள் என்று சொல்லுங்களேன். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

பத்தாவது முடிந்த லீவு. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அம்மா நைட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகக் குவியல். அட்டை பாதி கிழிந்த ஒன்றை எடுத்தேன். கெயில் கார்சன் லெவீன் 1997-ல் எழுதிய 'எல்லா என்சான்டட்'. சிண்ட்ரெல்லா கதைதான். ஆனால் இதில் அந்தப் பெண் பிறந்த உடனே ஒரு தேவதை வந்து, கீழ்ப்படிதலை வரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். யார் எதை ஏவினாலும் அவள் செய்தே ஆகவேண்டும். எதிர்த்து நின்றால் உடம்பே அவளைப் படுத்தி எடுத்துவிடும்.

ஐம்பது பக்கம் தாண்டியதும் மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பற்றிச் சொல்கிற பெருமை ஒன்றுதான்: "எங்க பொண்ணு சொன்ன பேச்சு தட்டமாட்டா." அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான் நான் பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுக்க இருந்தேன். இந்தப் புத்தகம் அதற்குச் சாபம் என்று பேர் வைத்திருந்தது.

கடைசியில் அந்தச் சாபத்தை உடைக்க முத்தமும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. பிடித்த இளவரசனே கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறான். சரி என்றால் தன் மூலமாகவே அவனுக்கு ஆபத்து வரும் என்று தெரிந்து, 'மாட்டேன்' என்கிறாள். அவ்வளவுதான். (பயாலஜியைத்தான் எடுத்தேன். புத்தகம் படித்த மறுநாளே திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.)

மஞ்சக்குப்பம் டீச்சர்:

நான் படித்ததைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டதுதான் என் அனுபவம். எட்டாம் வகுப்பு, லைப்ரரி பீரியட், எல்லாம் பெண் பிள்ளைகள். சிவப்புக் குல்லாப் பெண் கதையில் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவது பிற்பாடு வந்த சேர்க்கை. 1697-ல் பிரான்சில் பெரோ அச்சுக்குக் கொண்டுவந்த கதையில் ஓநாய் பாட்டியையும் தின்று, பேத்தியையும் தின்றுவிடும், அத்தோடு கதை முடிந்தது என்று சொன்னேன். கடைசியில் பெண்களுக்கு ஒரு புத்திமதிப் பாட்டும் உண்டு, நயமாகப் பேசி வருகிற ஓநாய்தான் ரொம்ப ஆபத்து, ஜாக்கிரதை என்று.

ஒரு பிள்ளை எழுந்து, "பாட்டிய எதுக்கு டீச்சர் வேற ஊர்ல தனியா விட்டு வச்சிருந்தாங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

சரி, நீங்களே மாற்றி எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் ஓநாயை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒருத்தி எழுதியது மட்டும் ஒரு பக்கம்கூட வராது. காடு இல்லை, மினி பஸ். ஓநாய் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறது. அந்தப் பெண் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பாட்டி வீட்டு ஸ்டாப்பிங் வருகிறது, இறங்குகிறாள். கதை முடிந்தது. நான் அதற்கு மார்க் போடவில்லை. அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று மெதுவாக விசாரித்தேன்.

நெல்லிக்குப்பம்:

டீச்சர், காம்பஸ் சூப்பர். ஆனா எனக்கு இந்தப் புத்தகங்க மேல ஒரு கோபம் இருக்கு. சொல்லிடறேன்.

நான் சித்தி வளர்த்த பையன். அம்மா போனப்ப எனக்கு நாலு வயசு. ஸ்கூல்ல ஸ்னோ ஒயிட் பாடம் நடத்தின அன்னிக்கு பக்கத்துல இருந்தவன் ரகசியமா கேட்டான், "உங்க சித்தி சூடு வைப்பாங்களாடா?" அன்னிக்கு எனக்கு அவங்க கட்டிக் குடுத்த டிபன்ல முட்டை இருந்துச்சு. அவங்க தட்டுல ஒரு நாளும் இருந்ததில்ல.

பெரியவன் ஆனப்புறம்தான் தெரிஞ்சுது, ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் 1812-ல போட்ட கதைத் தொகுப்போட முதல் பதிப்புல ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்றது பெத்த அம்மாவேதான். 1819 பதிப்புல அவங்களை மாற்றாந்தாய் ஆக்கிட்டாங்க. பெத்தவ பேரு கெடக்கூடாதுன்னு பழியைத் தூக்கி எங்க சித்தி தலையில வச்சாச்சு.

இந்தப் புதுக் கதைங்கள்லயாவது சரி பண்ணியிருப்பாங்கன்னு சின்ட்ரெல்லா கதையை மாத்தி எழுதி 2012-ல வந்த 'சின்டர்' வாங்கிப் படிச்சேன். பொண்ணு பாதி மெஷின், மெக்கானிக் வேலை பாக்குறா, படியில செருப்புக்குப் பதிலா காலே கழண்டு விழுது. எல்லாம் பிரமாதம். சித்தி? அதே பழைய சித்தி. கதாநாயகி கையில ஸ்பேனர் குடுத்தாச்சு, சின்ட்ரெல்லா வீட்டு அடுப்படியில இருக்குற இன்னொரு பொம்பளைய மட்டும் யாரும் திரும்பிப் பாக்கல.

குருசுக்குப்பம்:

நெல்லிக்குப்பம் அண்ணா, அந்த முட்டை ஞாபகத்திலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் பிரெஞ்சு மீடியம். பெண்கள் இந்தக் கதைகளை எழுதுவது ஏதோ இப்போது வந்த ஃபேஷன் என்றுதான் நினைத்திருந்தேன். 'தேவதைக் கதை' என்று இன்றைக்கு நாம் சொல்கிற அந்தப் பெயரையே புத்தகத்துக்கு வைத்தவர் தோல்னுவா சீமாட்டி, பெரோ காலத்துக்காரர். அழகியும் மிருகமும் கதையை 1740-ல் நீளமாக எழுதியவரும் வில்னெவ் என்ற பெண்தான். 1756-ல் போமோன் என்ற இன்னொரு பெண் அதைச் சுருக்கினார். நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சுருக்கம். வகுப்பில் பெரோ பெயரை மட்டும்தான் மனப்பாடம் பண்ண வைத்தார்கள்.

கெடிலக்கரை:

நான் இங்கிலீஷ் புத்தகம் அதிகம் படித்தவள் இல்லை. என் மகள் படிப்பாள். போன வருஷம் ஒரு கதையை எனக்குச் சொன்னாள். இளவரசி தானே வாளெடுத்துப் பழிவாங்குகிறாளாம், புரட்சியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்கு வந்து பாருடி என்றேன்.

வந்தாள். துகில் கூத்து அன்றைக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் பீடி பிடித்துக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள். ராத்திரி ரெண்டு மணிக்கு அதே ஆள் சபை நடுவில் நின்று, தன்னையே தோற்றவன் என்னை எப்படி வைத்து ஆடலாம் என்று கேட்டபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டார். தன் துணியைத்தான் யாரோ இழுக்கிற மாதிரி. அதை மகள்தான் எனக்குக் காட்டினாள்.

பாரதப் போரின் முடிவை நடத்திக்காட்டுகிற படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன், வீடு நீளத்துக்குப் படுத்திருப்பான். தொடையில் ரத்தம். அதைத் தொட்டு அம்மன் கூந்தலை முடிகிற வரைக்கும் ஒருத்தரும் நகரவில்லை. ஆனால் திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, கூத்துல ஒரு பொம்பளைகூட ஆடலையே?" பாஞ்சாலியும் ஆம்பளை, காந்தாரியும் ஆம்பளை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குருசுக்குப்பம்:

அக்கா, பாஞ்சாலி என்றதும் ஞாபகம் வருகிறது. பாரதி 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை வெளியிட்டது 1912-ல், நம்ம புதுச்சேரியில் இருந்தபோது. அவளுக்காக அத்தனை ஆவேசப்பட்டவர், அவள் இழுபடுவதைப் பார்த்துச் சும்மா நின்ற ஜனங்களைத் திட்டும்போது 'பெட்டைப் புலம்பல்' என்று எழுதிவிட்டார். பிடித்த வரிக்குள்ளேயே முள். அதற்காக நான் அவரை விட்டுவிடப் போவதில்லை.

முத்தியால்பேட்டைக்காரி:

எல்லோரும் எழுதியதை நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். காம்பஸுக்கு "கெட்டிக்காரி" என்றார். முட்டைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கத்தி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் பழைய புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அந்தப் பையனையே கட்டிக்கிட்டாளா?"

"கட்டிக்கிட்டா. யாரும் சொல்லி இல்ல, அவளாவே."

"வரம் குடுத்தாளே ஒருத்தி, அவளை என்ன பண்ணாங்க?"

அந்தத் தேவதையையே மூன்று மாசம் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இருந்து பார்க்க வைத்தார்கள், அப்புறம்தான் அவளுக்குப் புத்தி வந்தது என்று சொன்னேன். அம்மா செவுளைப் பிடுங்கிப் பூனைக்குப் போட்டார்.

"மூணு மாசம் பத்தாது."