கலைச்சொல்: சேமித்த பதிலை நீக்குவதா, அழிப்பதா?

அனைவருக்கும் வணக்கம். மொரீசியஸில் நம் மாலை வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவு திருத்தித் தருகிறது. அந்தப் பதில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்து அவற்றை எடுத்துவிடும் கருவிக்குத்தான் தமிழில் பெயர் தேடுகிறோம்.

> கருவிக்கு ‘மறுமொழி அழிப்பான்’ என்றே பெயர் வைக்கலாம். வகுப்புப் பிள்ளைகளுக்கு அழிப்பான் தெரிந்த பொருள்.

ரோஸ் ஹில் ஊர் ஐயா நேற்று எழுதியது இது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்ற அவர் கவலைதான் எனக்கும். வீட்டில் கிரியோலில் லாகோம் என்று சொல்கிற பிள்ளைக்கு அழிப்பான் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே. ஆனாலும் இந்தக் கருவிக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவி செய்கிற வேலையைப் பாருங்கள். ஓப்பன்ஏஐ 2025 மார்ச்சில் வெளியிட்ட நிரல் இடைமுகத்தில் (ஏபிஐ), சேமிக்க வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால், செயற்கை நுண்ணறிவு தருகிற ஒவ்வொரு பதிலும் அவர்கள் வழங்கியில் (சர்வரில்) 30 நாள் தங்கும். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. நம் கருவி அந்தக் குறியைக் கொடுத்து, இதை எடுத்துவிடு என்று கேட்கிறது. வழங்கியும் ஆயிற்று என்கிறது. அப்புறம் அதே குறியைக் கொடுத்தால் எதுவும் வராது. நம் கைக்கு எட்டுவது அவ்வளவுதான்.

முறைகேடுகளைக் கண்காணிக்க அந்த நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகள் தனி. அவற்றை நம் கருவி தொடுவதே இல்லை. 2025 மே மாதம் ஒரு பதிப்புரிமை வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், வழக்கமாக அழிந்திருக்க வேண்டிய பதில்களையும் தனியே எடுத்து வைக்கச் சொல்லி ஆணையிட்டது. அந்த ஆண்டுக்குள்ளேயே அந்தக் கட்டாயம் முடிந்தது. ஆனால் அந்த மாதங்களில் ‘அழிக்கப்பட்டது’ என்று நம் ஆவணம் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். மாலை வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையில் வீட்டுச் சண்டை வரை எழுதுகிறார்கள். திருத்தித் தரும் பதிலிலும் அது வருகிறது. அவர்கள் பெற்றோரிடம் நடக்காததை நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சிக்லோனில், அதாவது புயலில், கரும்பு அழிந்தது என்றால் ஆலைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள். நீக்குவது அப்படி இல்லை. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் என்று படித்தோமே, ‘மலையின் வீழ் அருவி’. அருவி மலையை விட்டு நீங்குகிறது, இல்லாமல் போவதில்லை. ஓரிடத்தை விட்டு அகன்றது என்பதை மட்டும் இந்தச் சொல் சொல்கிறது. நமக்குத் தெரிந்ததும் அது மட்டுமே.

நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். 1998இல் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி நோட்டு அச்சிட்டார்கள். நம் மக்கள் எதிர்த்த பிறகு அதைத் திரும்பப் பெற்று, 1999இல் தமிழை இரண்டாம் இடத்தில் வைத்து வெளியிட்டார்கள். பழைய நோட்டு புழக்கத்திலிருந்து நீங்கியது. அழிந்துவிடவில்லை, நோட்டு சேகரிப்பவர்களிடம் இன்றும் இருக்கிறது.

‘நீக்கு’ என்று வைத்தால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. நாம் கருவியை ஓட்டி எடுத்தால் பதில் நீக்கப்பட்டது. 30 நாள் முடிந்து தானாகப் போனால் நீங்கியது. இரண்டையும் பிரித்துச் சொல்ல புதுச்சொல் எதுவும் தேவையில்லை, தன்வினையும் பிறவினையும் போதும். ஃபிரெஞ்சுத் திரையில் ‘சுப்ரிமே’ (நீக்கு) என்ற பொத்தானைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ‘நீக்கு’ பொருந்தும். அழித்தல் என்பதைச் சட்டத்துக்கு விட்டுவிடலாம். நம் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைக்கு அதுதான் சரியான சொல்.

கருவியின் பெயரில் ‘மறுமொழி’ என்ற சொல்லும் வேண்டாம், ‘பதில்’ போதும். வலைப்பதிவுக்காரர்கள் வாசகர் கருத்தையே மறுமொழி என்று எழுதிப் பழகிவிட்டார்கள்.

ஆக என் பரிந்துரை: பதில்நீக்கி. ஒலிபெருக்கி, மின்விசிறி போல.

காட்ர் போர்னிலிருந்து

*

வணக்கம் அம்மா.

ரூபாய் நோட்டைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். அந்த எதிர்ப்பில் நானும் நின்றவன். சரி, அழிப்பானைக் கைவிடுகிறேன்.

ஆனால் பதில்நீக்கி எனக்கு இடிக்கிறது. ‘பதில்நீக்கி இயக்கவும்’ என்று எழுதினால் பதிலை நீக்கிவிட்டு இயக்கச் சொல்வதாகப் பிள்ளை படிக்கும். நீக்கி என்பது வினையெச்சமாகவும் நிற்குமே. சேர்த்து எழுதினாலும் வாசிக்கும்போது காது பிரித்துவிடும். ஒலிபெருக்கியை நூறு முறை கேட்டிருக்கிறோம், அதனால் குழப்பமில்லை. இது புதுச்சொல்.

‘பதில் நீக்கல் கருவி’ நீளம்தான். ஆனால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

*

ஐயா, நீங்கள் சொல்வது சரி. உங்கள் எடுத்துக்காட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தேன், நானே தடுக்கினேன். பதில் நீக்கல் கருவி என்றே வைப்போம். ஆவணத்தின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“பதில் நீக்கல் கருவி, வழங்கியில் சேமித்த பதிலை உங்கள் கணக்கிலிருந்து நீக்கும். நீக்கிய பதிலைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பதிலின் குறியைக் கொடுத்து உரையாடலைத் தொடரவும் முடியாது. வழங்குநர் தனியாக வைத்திருக்கும் பதிவுகளை இக்கருவி நீக்காது. பதில் தங்கவே கூடாது என்றால், கேட்கும்போதே ‘சேமிக்காதே’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.”

‘அமைப்பு’ என்ற சொல்லில் எனக்கு இன்னும் நிறைவில்லை. ‘தெரிவு’ பொருந்துமா?