ஸ்லோ குவெரி லாக் காலி, ஆனால் சர்வர் திணறுகிறது: எங்கே பார்ப்பது?

கேட்டவர்:
வணக்கம். எங்கள் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸில் ஓடுகிறது. காலையில் எல்லோரும் உள்ளே வந்ததும் டேட்டாபேஸ் சர்வரின் சிபியு 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, பில் திரை திறக்கவே நேரமாகிறது. ஸ்லோ குவெரி லாக்கை (குறித்த வரம்பைவிட அதிக நேரம் எடுக்கும் குவெரிகளை, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்விகளைப் பதியும் ஃபைல்) ஆன் செய்து, அந்த வரம்பான லாங் குவெரி டைமை செட் குளோபல் கட்டளை மூலம் 1 நொடி ஆக்கினேன். லாக்கில் ஒன்றுமே விழவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்ய இப்போது அனுமதி கிடைக்காது. குற்றவாளி குவெரியை எப்படிப் பிடிப்பது?

பதில் 1:
உங்கள் மென்பொருள் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளை மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பு) வைத்திருக்கிறதா? செட் குளோபல் செய்த மதிப்பு புதிதாக வரும் கனெக்‌ஷன்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே திறந்து கிடப்பவை பழைய மதிப்பிலேயே ஓடும், அதாவது மாற்றாமல் இருந்திருந்தால் 10 நொடி. பூலை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள், டேட்டாபேஸைத் தொட வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அதற்குப் பிறகும் லாக் காலியாகவே இருக்கலாம். 40 மில்லிசெகண்டில் முடியும் குவெரி ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் வந்தால் சிபியு படுத்துவிடும். ஆனால் அது எந்த நாளும் 1 நொடி வரம்பைத் தொடாது. ஒரு குவெரி எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைவிட, எல்லாத் தடவையும் சேர்த்து எவ்வளவு தின்றது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா (குவெரிகளின் நேரக் கணக்கை வைத்திருக்கும் உள் பகுதி) 8.0-இல் தானாகவே ஆனில் இருக்கும். அந்தக் கணக்கை எளிதாகப் படிக்கத் தரும் சிஸ் ஸ்கீமாவில் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ் என்ற வியூவை (தயார் பட்டியல்) திறங்கள். மொத்த நேரம் அதிகமானவை மேலே வரும். அனுப்பிய வரிகளையும் ஆராய்ந்த வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வரி கொடுக்க லட்சம் வரி புரட்டியிருந்தால் அங்கேதான் சிக்கல். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் மூல டேபிளை (டைஜஸ்ட் டேபிள்) நேரடியாகப் பார்த்தால் நேரம் பிகோசெகண்டில் (ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும், எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

கேட்டவர்:
பூலைப் புதுப்பித்தேன், லாக்கில் மாத இறுதி ரிப்போர்ட் குவெரிகள் சில வந்தன. ஆனால் வியூவில் முதலிடம், பில் எண்ணை வைத்து ஒரே ஒரு பில்லைத் தேடும் சாதாரண குவெரிக்கு! பில் எண்ணுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதே, பிறகும் ஏன்?

பதில் 2:
பில் எண் காலம் (டேபிளின் நெடுவரிசை, column) வார்கேரா, அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்தாகச் சேமிக்கும் வகையா? வியூவில் மதிப்புகளுக்குப் பதில் கேள்விக்குறிதான் தெரியும், மேற்கோள் குறி இருந்ததா என்பது அதில் மறைந்துவிடும். அதனால் டைஜஸ்ட் டேபிளில் குவெரி சாம்பிள் டெக்ஸ்ட் காலத்தைப் பாருங்கள். வார்கேர் காலத்தை மேற்கோள் இல்லாத எண்ணோடு ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இண்டெக்ஸ் பயன்படாது. எக்ஸ்பிளைன் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டால் பாசிபிள் கீஸில் இண்டெக்ஸ் பெயர் இருக்கும், உண்மையில் பயன்படுவதைக் காட்டும் கீ காலம் நல் (காலி) என்று வரும். உடனே ஷோ வார்னிங்ஸ் கொடுங்கள், டைப் மாற்றம்தான் காரணம் என்று அதுவே சொல்லும்.

கேட்டவர்:
அப்படியே இருந்தது, கீ நல்! டெவலப்பரிடம் சொல்லி அந்த மதிப்பை ஸ்ட்ரிங்காக அனுப்ப வைத்தோம். இப்போது எக்ஸ்பிளைனில் ஒரே வரி, சிபியுவும் இறங்கிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்லோ லாக்கை அப்படியே ஆனில் விடலாமா?

பதில் 1:
தாராளமாக விடுங்கள், லாக் ஃபைலை மட்டும் ரொட்டேட் செய்ய (பழையதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்க) ஏற்பாடு இருக்கட்டும். டைஜஸ்ட் டேபிளின் கணக்கு சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும், அதனால் தினமும் ஒரு நகலை வேறு டேபிளில் எடுத்து வையுங்கள். புது வெர்ஷன் போட்ட பிறகு எந்தக் குவெரி கனத்தது என்று ஒப்பிட அது உதவும்.