‘உருவப்பழி’: சிறுவர் பேய்ப்படங்களைப் பேச ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் சொற்பட்டியலுக்கு ஒரு புதுச்சொல் தேடி எழுதுகிறேன். குழந்தைகளுக்கான பேய்ப்படங்களை அலசும்போது ‘பிரதிநிதித்துவம்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். அது தலையை எண்ணும் சொல். நாலு பிள்ளைகளில் ஒருத்தி கறுப்பு, ஒருவன் சக்கர நாற்காலியில் என்றால் கணக்கு நேர். அதே படத்துப் பேய்க்குத் தீக்காயத் தழும்பும் இழுத்து நடக்கும் காலும் இருந்தால், அது எந்தக் கணக்கிலும் வராது. எந்த உடம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறதே, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

முகத் தழும்பைக் கெட்டவர்களின் அடையாளமாக வைக்கும் படங்களுக்கு நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2018-ல் அறிவித்தது. 2020-ல் வந்த ஒரு ஹாலிவுட் சிறுவர் படத்தில் சூனியக்காரிகளின் கையில் விரல்களைக் குறைத்திருந்தார்கள். மூலக்கதையில் இருந்தது பூனை நகம்தான். பிறவியிலேயே விரல் குறைந்தவர்கள் கண்டித்த பிறகு வார்னர் பிரதர்ஸ் மன்னிப்புக் கேட்டது. இவ்விரண்டுக்கும் பொதுவான குற்றத்துக்கு ‘பேயாக்கம்’ என்று பெயரிடலாமா?

– மன்னார்குடியிலிருந்து

ஐயா, வணக்கம்.

‘பேயாக்கம்’ வேண்டாம். அனிமேஷன்காரர் அதைப் பேய்ப் பாத்திரம் வரைவது என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர், காத்தவராயன் கழுவேறியவர். இருவருக்கும் இங்கே படையல் போடும் குடும்பங்கள் உண்டு. கைகால் வெட்டுண்ட உருவத்தைத் திரையில் ஏவிவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளை தன் சாமியையே பேயாகப் பார்க்கும். பேய் என்ற சொல்லையே தலைப்பில் வைத்தால் அந்தப் பழி இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

‘உருவக்கேலி’ எல்லார் வாயிலும் புழங்குகிறது. அதன் பக்கத்திலேயே ‘உருவப்பழி’ என்று வைக்கலாம். கூனல், மாறுகண், தழும்பு, கறுப்புத் தோல் என உயிரோடிருக்கும் மனிதரின் உடற்கூறுமேல் தீமையின் பழியைச் சுமத்துவது. திரைக்கதைக் குறிப்பில் ‘இக்காட்சியில் உருவப்பழி உண்டு’ என்று எழுதினாலே விளங்கிவிடும்.

நிறத்தை மட்டும் கண்ணால் நம்பக் கூடாது. பேயும் பிள்ளையும் சேர்ந்து வரும் பிரேம்களை எடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெவ்வேறு காட்சிகளிலும் பேயின் தோல்தான் அடர்ந்த சாம்பல் என்றால் அது வடிவமைப்பிலேயே உள்ள உருவப்பழி. ஒரு காட்சியில் மட்டும் என்றால் விளக்கமைப்பைப் பார்க்க வேண்டும். ராத்திரிக் காட்சிக்குப் பின்னாலிருந்து நீல விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, சிவந்த பிள்ளையின் முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா உள்வாங்கும் வெளிச்ச அளவு) வைத்தால், கறுத்த பிள்ளைக்குக் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். அப்புறம் பேய்க்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? பக்கவாட்டில் தெர்மோகோல் பலகை பிடித்து வெளிச்சத்தைக் கன்னத்தில் திருப்பி, அவள் முகத்துக்கு அளவெடுக்க வேண்டும். படம் எடுத்தபின் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் கலர் கிரேடிங்கில் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும்.

– கும்பகோணத்திலிருந்து

அம்மா,

ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு இடத்தில் எல்லை போட வேண்டும்.

ஒன்று, உடை. வெள்ளைச் சேலை நம் ஊரில் கைம்பெண்ணின் உடை. அதையே மோகினிக்குக் கட்டிவிட்டால், பாட்டி கொல்லைப்பக்கம் வந்தாலே பிள்ளை அலறும். ஆகவே உடையும் உருவத்தில் அடங்கும் என்று விளக்கத்திலேயே எழுதிவிடலாம்.

இன்னொன்று, குரல். மொழிமாற்றுப் படத்தில் பிள்ளைகள் பொதுத்தமிழ் பேச, பேயும் எடுபிடியும் மட்டும் ‘எங்கடா போறிய’ என்று வயல்காட்டுப் பேச்சில் மிரட்டினால் அதை உருவத்தில் திணிக்க முடியாது. அதற்குப் ‘பேச்சுப்பழி’ என்று தனிப்பதிவு போடுவோம்.

எதிர்க்காட்டாகக் கொள்ளிவாய்ப் பிசாசைச் சேர்க்கிறேன். ஈர நிலத்துக்கு மேலே ராத்திரியில் தானாக எரிந்து நகரும் நெருப்பு. யாருடைய உடம்பையும் கடன் வாங்காமலே படுகைப் பிள்ளைகளை நடுங்க வைத்தது. அறுவடை முடிந்த வயல், மூடிய மதகு, தண்ணீர்ச் சத்தம் இருந்தால் போதும், அதைப் படமாக்கிவிடலாம்.

ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் உருவப்பழி, பேச்சுப்பழி இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

– மன்னார்குடியிலிருந்து