மெக்கானிக்கைத் திட்டாமல், நாமே செய்த தப்புகள் மட்டும்

கார் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒரு மெக்கானிக்கைத் திட்டித்தான் முடிக்கிறோம். ஒரு மாறுதலுக்கு, நம் கையாலேயே நாம் செய்த தப்பை மட்டும் இங்கே எழுதுவோமா? நானே ஆரம்பிக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் பெட்ரோல் கார் ஓட்டிவிட்டு, டீசலுக்கு மாறி மூன்றாவது வாரம். ராத்திரி நேரம், தூக்கக் கலக்கம், நாமே நிரப்பிக்கொள்ளும் பங்க். கை பழைய பழக்கத்தில் பெட்ரோல் நாசிலை எடுத்துவிட்டது. டீசல் நாசிலின் மூக்கு தடிமன், அது பெட்ரோல் காரின் வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் ஒல்லி. தடுப்பு எதுவும் இல்லாத டீசல் காரில் ஜம்மென்று போய் உட்கார்ந்துகொள்ளும். என் வண்டியில் தடுப்பு இல்லை. பதினைந்து லிட்டர் போன பிறகு மூக்குக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்து பம்பைப் பார்த்தேன்.

அதுவரை நடந்தது வெறும் கவனக்குறைவு. டேங்கை வடித்துவிட்டுப் புது டீசல் ஊற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முட்டாள்தனம் அதற்குப் பிறகுதான். பின்னால் இரண்டு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. "பாதி டேங்க் டீசல் இருக்கிறதே, கலந்துவிடும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பியது. முதலில் நன்றாகத்தான் ஓடும், அதை நம்பிவிடாதீர்கள். ஏழு கிலோமீட்டர் தாண்டியதும் இழுவை போனது, இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

மறுநாள் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினார். துணியை வெயிலில் திருப்பினால் மினுமினுவென்று வெள்ளித் தூள். "இது உங்க பம்ப் சார்" என்றார். இப்போதைய டீசல் கார்களில் உயர் அழுத்தப் பம்ப் 1,500 பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளுகிறது. நம் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். அவ்வளவு இறுக்கமாக உரசும் பம்புக்கு, பெரும்பாலான கார்களில், டீசலே மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடுகிறது. உலோகம் உலோகத்தைத் தின்ன, அந்தத் தூள், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் வரைக்கும் போய்விடுகிறது. பம்ப், நான்கு இன்ஜெக்டர், குழாய், டேங்க் என்று மொத்தமும் பார்க்க வேண்டியதாயிற்று.

யாருக்காவது இப்படி ஆனால் சாவியை "ஆன்" நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். பல வண்டிகளில் டேங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கும். இஞ்சின் ஓடாவிட்டாலும் ஆன் செய்த உடனே அது எண்ணெயை முன்னால் தள்ள ஆரம்பித்துவிடும். பின்னால் ஹார்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

* * *

அண்ணா, என் கதையிலும் அவசரம்தான் வில்லன்.

ஆறு மாதமாக வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குறைகிறது, ஊற்றுகிறேன், அவ்வளவுதான். ஊற்றின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மதியம் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினேன், பானட்டைத் திறந்தேன், பத்து நிமிஷம் காத்திருந்தேன். பத்து நிமிஷம் போதும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். துண்டை நான்காக மடித்து மூடியின் மேல் வைத்துத் திருகினேன்.

முதல் கால் சுற்றில் "உஸ்". அடுத்த கால் சுற்றில் மூடி என் கையில் இல்லை. ஆள் உயரத்துக்குப் பச்சை நிறத்தில் கொதிநீர் பீறிட்டது. முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது. முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்தது. துண்டு ஒன்றுக்கும் ஆகவில்லை, அது சூட்டை உறிஞ்சிக்கொண்டு கையோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். நல்லவேளை பின் சீட்டில் தண்ணீர் கேன் இருந்தது, இருபது நிமிஷம் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே இருப்பது வெறும் கொதிநீர் இல்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 120 டிகிரியில்கூடக் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டதும் ஒரே நொடியில் ஆவியாகக் கிளம்பிவிடும். ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்து அமுக்கிப் பார்க்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அரை மணி, சில சமயம் இன்னும் மேலே. ஆறுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டே விரிசல் விடலாமாம்.

இன்னொன்று. முள் ஏறுகிறது, உடனே நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாக வையுங்கள். உள்ளே உட்கார முடியாது, வேர்த்து ஊற்றும். ஆனால் அந்தச் சூடெல்லாம் இஞ்சினிலிருந்து வருவது. நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது தாங்கும்.

* * *

என்னுடையது ரெண்டு வரி. தண்ணீர் பாட்டிலை பக்கத்து சீட்டில் வீசினேன். வளைவில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. சிக்னலில் மிதித்தால் பெடல் பாதியிலேயே கல் மாதிரி நிற்கிறது. பிளாஸ்டிக் நசுங்கியதால் பிழைத்தேன். எஃகு ஃபிளாஸ்க்காக இருந்திருந்தால் முன்னால் நின்ற வண்டியின் டிக்கியில் இருந்திருப்பேன். காலடியில் மேட் மேல் மேட் போடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு மேல் மேட்டை எடுத்துவிடுங்கள், ஆக்சிலரேட்டர் அதில் போய்ச் சிக்கும்.

* * *

ஜாக்கி கதை ஒன்று. ஸ்டெப்னி மாற்றுவதில் நான் கில்லாடி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

முன்பக்க இடது டயர் பஞ்சர். ரோடு லேசான சரிவு, கண்ணுக்குத் தெரியாத சரிவு. முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை, கியரில்தானே இருக்கிறது! ஜாக்கி வைத்துத் தூக்கினேன். நட்டுகளைக் கழற்றினேன். சக்கரத்தை உருவி எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஸ்டெப்னியை எடுக்க டிக்கிப் பக்கம் இரண்டு அடி வைத்திருப்பேன். பின்னால் "டங்". ஜாக்கி சாய்ந்து, வண்டி ஒரு முழம் முன்னால் உருண்டு, பிரேக் டிஸ்க் தார் ரோட்டில் குத்தி நின்றது. ஐந்து விநாடிக்கு முன்னால் என் முழங்கை அந்த டிஸ்க்குக்குக் கீழேதான் இருந்தது.

கியரில் போட்ட வண்டி எப்படி உருண்டது? எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆனது. என்னுடையது முன்சக்கர இழுவை. கியர் பிடித்து வைத்திருப்பது முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத்தான். நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. ஒரு பக்கத்தை அந்தரத்தில் தூக்கிவிட்டால் அந்தப் பக்கம் சும்மா பின்னால் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக முன்னால் உருளும். கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைப் பிடிக்கும், அதைத்தான் நான் போடவில்லை.

இப்போது என் முறை இப்படி: சமதரை கிடைக்கும் வரை, டயர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். ஹேண்ட்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவேன், மேலே தூக்கிவிட்டு ஸ்பேனரை உதைத்தால் வண்டியே ஆடும். முக்கியமாக, ஸ்டெப்னியை முதலிலேயே எடுத்து வண்டியின் அடியில் படுக்கப் போட்டுவிடுவேன். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். நட்டை முறுக்கும்போது வரிசையாக இல்லாமல் எதிரெதிராக. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருதரம் முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

* * *

நான் மெக்கானிக்தான். திட்டாமல் விட்டதற்கு நன்றி. என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரைக்கும் இறங்கலாம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்கிறோம். இதை ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் வண்டியில் ஐந்து வருஷம் மாற்றவில்லை. பட்டறையில் திறந்தே கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றி ஊற்றி அளவை மட்டும் சரிசெய்து வந்தேன்.

மலை இறக்கம், வண்டி நிறைய ஆள். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் கருகல் வாடை. அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நின்றுவிட்டது, ஆவியை அமுக்கினால் அமுங்கத்தானே செய்யும்? விட்டு விட்டு வேகமாக மிதித்தேன். மூன்றாவது கியர், இரண்டாவது, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக. மலைப் பக்கத்து மண் திட்டில் உரசி நின்றேன். பின்சீட்டில் இருந்தவர்கள் வேண்டுமென்றே ஓரம் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

ஏறும்போது எந்தக் கியர் கேட்கிறதோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். அப்புறம், பிரேக் ஆயில் அளவு குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள். எங்காவது கசியலாம், இல்லையென்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும். மேலே ஊற்றினால் அந்த எச்சரிக்கையை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

* * *

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து அந்த அளவுக்குக் காற்றடித்தவன் நான். அது டயர் தாங்கும் உச்ச அளவு. நம் வண்டிக்கானது டிரைவர் கதவுச் சட்டத்திலோ டேங்க் மூடியிலோ ஒட்டியிருக்கும், அதையும் டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மழையில் ஒருநாள் வண்டி சோப்பு மாதிரி வழுக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இதையும் சொல்கிறேன், தப்பு இல்லை, அசடு. வாடகைக் காரில் டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் பம்பைச் சுற்றி இரண்டு தடவை வந்திருக்கிறேன். எண்ணெய் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் பம்ப் படத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், மூடி அந்தப் பக்கம். ஃபோர்டு நிறுவனத்தில் வேலை செய்த ஜிம் மொய்லன் என்பவர், 1986-ல் கம்பெனி காரைத் தப்பான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்த பிறகு எழுதிக்கொடுத்த யோசனை அது. நனைந்த எரிச்சலில் நானாக இருந்தால் வானத்தைத்தான் திட்டியிருப்பேன்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும். "இப்போது என்ன ஏற்பாடு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். டேங்க் மூடிக்குள் பெரிய எழுத்தில் "டீசல்" என்று ஒட்டியிருக்கிறேன். ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டது, இப்போது அது தெரிவதே இல்லை. அதனால் இரண்டாவது ஏற்பாடு: பங்க்கில் இறங்கும்போது சாவி மனைவி கைக்குப் போய்விடும். நிரப்பிவிட்டு வந்தால், "என்ன போட்டீங்க?" என்று ரசீதோடு சேர்த்துக் கேட்பாள். சரியான பதில் வந்தால்தான் சாவி திரும்ப வரும். போன வாரம் கண்ணாடிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கியதற்கும் கேட்டாள்.